ஆறாம் முடக்கில் உரசிய டயர்

கந்தப்பனைத் திட்டி இந்த வாரமும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெற்ற மகளிடம் பன்னிரண்டு நாளாகப் பேசாமல் இருப்பவர் என்ன தகப்பன் என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதரை அதற்குள் கழுவில் ஏற்றிவிடாதீர்கள். இன்று பால் காய்ச்சும் நாள்; நல்ல நாளும் அதுவுமாக வைய வேண்டாம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பொகவந்தலாவைக்கு மேலே, தோட்டத்துக் கடைசி லயத்தில், வரிசையாய் ஒட்டிய அறைகளில் நாலாவது காம்பராவில் குடியிருக்கும் குடும்பம் இது. கந்தப்பன் முப்பத்தைந்து வருடம் கவ்வாத்து வெட்டியவர். கத்தியை எடுத்தால் தேயிலைச் செடியைத் தட்டு வைத்தது போல மட்டமாக வெட்டி நிறுத்துவார். மனைவி நாகலெட்சுமி கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் தேய்ந்து, போன வருடம் ஒரு காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். ஒரே மகள் சுதர்ஷினி. ஆறு வருடம் கட்டுநாயக்கவில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி ஒரு பழைய ஜீப்பை வாங்கி ஓட்டுகிறாள். காலையில் பள்ளிக்கூடத்து டீச்சர்மார், பகலில் கிடைக்கிற ஹயர், அதாவது வாடகை ஓட்டம்.

அரசாங்க வீட்டுத் திட்டத்தில் இவர்களுக்கு ஏழு பேர்ச் காணியும் அதில் ஒரு வீடும் கிடைத்தது. எல்லாம் சரி, வீடு மலை உச்சியில். ரோடு மடங்கி மடங்கித் திரும்பும் ஆறு முடக்குகள் ஏறிப் போக வேண்டும். நாகலெட்சுமி ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "வண்டி வாசல் வரைக்கும் போனாத்தான் நான் வருவேன். இல்லாட்டி நான் இந்தக் காம்பராவுலயே கெடக்குறேன். நீங்க ரெண்டு பேரும் போயி இருங்க."

கால் நோகிறவரின் பேச்சு அது, பிடிவாதம் என்று சொல்ல முடியாது. மாதாமாதம் கிளினிக்குக்குப் போக வேண்டும். அந்த ஏற்றத்தில் அவரால் பத்து அடி நடக்க முடியாது.

ரோட்டின் நடுவில் மழை அரித்து விட்டுப்போன கல் வரிசை ஜீப்பின் வயிற்றில் இடித்தது. ஒரு தடவை எண்ணெய்த் தொட்டியே நசுங்கியது. ரோட்டைச் செப்பனிடுவார்கள், பொறு என்றார் கந்தப்பன். சுதர்ஷினி பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்காமல், பஜாரில் நூர்தீன் நானாவின் டயர் கடைக்குப் போய், இரண்டரை அங்குலம் உயரம் கூடிய நாலு டயர்களைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஜீப்பில் வேறு எதையும் மாற்றவில்லை. கணக்குப் பார்த்தால் வயிற்றுக்குக் கிடைத்தது ஒன்றேகால் அங்குலம். கல் இடிக்காமல் இருக்க அது போதும்.

"குள்ளனுக்கு யானைக் கால் வச்ச மாதிரி இருக்கு," என்றார் கந்தப்பன். அதுதான் அவர் மகளிடம் கடைசியாகப் பேசியது. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் உள்ளே இருந்த காயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை, யானைக் கால் மட்டும் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாப் பேச்சும் நாகலெட்சுமி வழியாகத்தான். உப்பு வேண்டுமென்றால் கூட, அவகிட்டச் சொல்லு, அவர்கிட்டக் கேளு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் தபால்காரி வேலை பார்த்து நாகலெட்சுமிக்கு அலுத்துவிட்டது.

நல்ல நேரம் பத்து பத்திலிருந்து பதினொன்று இருபது வரை. கந்தப்பன் விடிந்ததுமே விறகுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கி ஏறும் குறுக்குப் பாதையில் நடந்தே போய்விட்டார். அந்த டயரில் ஏற மாட்டாராம். அதையும் மனைவியிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டரைக்கு ஜீப்பில் சாமான் ஏறியது. மாரியம்மன் படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், புதுப் பானை. இதெல்லாம் வீட்டுக்காரியோடு முதலில் போக வேண்டியவை. அப்புறம் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தையல் மெஷின். இன்னொரு நாள் கொண்டுபோகலாம் என்று மகள் சொல்லச் சொல்ல, அம்மிக்கல்லும் ஏறியது. அம்மி இல்லாமல் புது வீட்டில் கால் வைக்கக் கூடாது என்பது நாகலெட்சுமியின் சட்டம். முன் சீட்டில் பால் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, கத்தரிப்பூ நிறப் புடவையில் அவர் உட்கார்ந்தபோது, சுதர்ஷினிக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா புதுப் புடவை கட்டிப் பார்த்து எத்தனை காலமாயிற்று. பின்னால் தாய்மாமன் முத்துலிங்கமும் அவர் மனைவியும் ஏறினார்கள். மொத்தம் நாலு பேர், சாமான். சுதர்ஷினியின் கணக்கில் அவ்வளவுதான்.

தோட்டத்து ரோட்டில் யாருடைய கணக்கு நின்றிருக்கிறது?

மேலே போகும் வண்டி, நடந்து போகிறவரை ஏற்றாமல் போனால் அதை ஆறு மாதத்துக்குப் பேசுவார்கள். வண்டிக்காரி தலை கனத்துப் போச்சு என்பார்கள். முதல் முடக்கில் இரண்டு பேர் வாழைக்குலையோடு நின்றார்கள். பால் காய்ச்சத்தான் வருகிறோம், எங்களை விட்டுட்டுப் போறியா என்றார்கள். இரண்டாவதில் பக்கத்து லயத்து லெட்சுமி, இடுப்பில் பிள்ளையும் கையில் பாயசச் சட்டியுமாக. மூன்றாவதில் மேல் வீட்டுக்காரர்கள் மூன்று பேர் சீமெந்து மூட்டையோடு. நாலாவதில் இன்னும் மூன்று பேர் ஏற, அதைத் தாண்டும்போது கைப்பிள்ளையைச் சேர்க்காமல் பின்னால் பதினொரு பேர். இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். முத்துலிங்கம் மாமா எல்லாருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டு, வண்டி தன்னுடையது போல நடந்துகொண்டார்.

ஜீப் முனகியது. டயர் பெரிதானதால் முன்பு இரண்டாம் கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இப்போது முதலாம் கியர் கேட்டது. பரவாயில்லை, நடுக் கல் ஒன்றுகூட இடிக்கவில்லை. சுதர்ஷினி மனதுக்குள் அப்பாவுக்கு ஒரு பதில் தயாரித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஆறாவதுதான் கடைசி முடக்கு. அங்கே ரோடு இடப்பக்கம் அப்படியே மடங்கி, வந்த திசைக்கே திரும்பி மேலே ஏறும். அந்த மடிப்பில் ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்தாள்.

கர்ரென்று ஒரு சத்தம். முன் டயர் மட்கார்டின் பின் மூலையைச் சுரண்டியது. பின்னால் பாரம் அமுக்கியதில் பின் டயரும் மேலே தகரத்தில் உரசியது. கருகிய ரப்பர் வாசனை வந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். ஜீப் திரும்ப மறுத்து, முன்னால் மண் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் இறங்கிப் பார்த்தாள். புது டயரின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. உடனே நூர்தீன் நானாவுக்குப் போன் போட்டாள்.

"எத்தன பேர் தங்கச்சி வண்டியில?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவள் சொன்னாள். உடனே நானா, "நான் அன்னைக்கே சொன்னேன் தானே. வண்டியோட பொடியத் தூக்காம இந்த சைஸ் போட்டா, பாரம் ஏத்துனா முட்டும், முழுசா ஒடிச்சாலும் முட்டும்னு. நீங்க ஓட்டிப் பார்த்துட்டு ஒன்னும் இல்லன்னீங்க. இப்ப பாரத்த எறக்குங்க, பின்னுக்குச் சரியாகும். முன்னுக்கு ஒன்னும் செய்ய ஏலாது."

ஓட்டிப் பார்த்தது உண்மைதான். சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தாள். இந்த ஆறு முடக்கும் ஏறி இறங்கினாள். ஆறாவதில் லேசாக ஒரு சத்தம் கேட்டது, மட்கார்டில் சேறு ஒட்டியிருக்கும் என்று விட்டுவிட்டாள். சம்பள ஞாயிறு என்றால் தோட்டமே பஜாரில் இருக்கும். ரோட்டில் கை காட்ட ஒரு ஆள் இல்லை. வெறும் வண்டி உயர்ந்து நின்றது, ரோட்டு ஓரமும் அன்று இளகாமல் இருந்ததால் அகலமாக எடுத்துத் திருப்பினாள், தப்பித்தது. ஆள் இல்லாத நாளில் ஆள் ஏற்றும் வண்டியைச் சோதித்துப் பார்த்த கெட்டிக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணி பத்து முப்பத்தைந்து.

நாகலெட்சுமியைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அரிசி மூட்டை ஒருவர் தலையில் ஏறியது, தையல் மெஷின் இரண்டு பேர் கையில். அம்மிக்கல்லை முத்துலிங்கம் மாமா தூக்கப் பார்த்து, மரியாதையாகக் கீழே வைத்துவிட்டார். சீமெந்துக்காரர்கள் அதைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். பத்து நிமிடத்தில் ஜீப்பின் பின்பக்கம் காலியாகி, பின் டயர் தகரத்தை விட்டு இறங்கியது. முன் டயர் மட்டும் அப்படியே. இன்னொரு முறை ஒடித்தாள், மறுபடி அதே கர்ர்.

முன்னால் போய்ப் பின்னால் வந்து திருப்பலாம். ஆனால் பின்னால் வர வேண்டிய ஓரம் போன மழையில் இளகி, கீழே பள்ளம் தெரிந்தது. தனியாக இருந்தால் முயன்றிருப்பாள். அம்மாவை வைத்துக்கொண்டு மாட்டாள்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், நூறு யார்தானே என்றார் மாமா. நாகலெட்சுமி தம்பியைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னால் போனார். "நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் காலம் இருக்கு," என்றார் நாகலெட்சுமி. அப்புறம் பால் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகளிடம், கோபமே இல்லாமல், "என்னையக் கீழ கொண்டு போயி விட்டுரும்மா. நீங்க போயி காய்ச்சுங்க," என்றார்.

இந்த அம்மா பிறந்தது லயத்தில், கல்யாணம் கட்டி வந்தது லயத்துக்கு, பிள்ளை பெற்றது லயத்தில். சொந்தமாக ஒரு அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்க நூறு யார்தான் பாக்கி. அதைத் தன் டயர் தடுத்துவிட்டது.

அவள் முடக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ரோடு மடங்குகிற இடத்தில் நேர் எதிரே, கொழுந்து ஏற்ற டிரக்டர் ஒதுங்கி நிற்கும் சின்ன இடம் ஒன்று இருந்தது. ஒரு ஜீப் நீளம்தான். அந்த ஒதுக்கத்துக்கும் மேல் ரோட்டுக்கும் நடுவில் மண் கரை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, மேலே தேயிலையோடு நின்றது. திரும்ப இடமில்லை. ஆனால் ஏன் திரும்ப வேண்டும்? நேராக ஒதுக்கத்துக்குள் ஓட்டி, அங்கிருந்து பின்பக்கமாகவே மேல் ரோட்டில் ஏறினால், ஸ்டேரிங்கை முழுதாக ஒடிக்கும் வேலையே இல்லை. ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம்.

அவள் அதைச் சொன்னதும் மாமியின் முகம் மாறியது. புது வீட்டுக்கு முதல் தடவை பின்பக்கமாகவா போவது? மாமி அதை வாய் விட்டே கேட்டுவிட்டார். லெட்சுமியும் பாயசச் சட்டியோடு தலையை ஆட்டினாள். எல்லாரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள்.

நாகலெட்சுமி மகளின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து ஐம்பத்தைந்து.

"மாரியம்மன் படத்தப் பின்னுக்கு வைங்க," என்றார். "மேல பாத்த மாதிரி. அவ மொகம் வீட்டப் பாத்துப் போகட்டும். நான் எந்தப் பக்கம் பாத்தா என்னா."

மாமா படத்தைப் பின் சீட்டில் மேற்பக்கம் பார்க்க வைத்துக் கட்டினார். பிறகு வண்டிக்குப் பின்னால் மேலே நடந்துகொண்டே கையைக் காட்ட, சுதர்ஷினி ஒதுக்கத்துக்குள் ஓட்டி நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றினாள். கொஞ்சம் இடப்பக்கம், நேரா, நேரா என்று மாமா ரயில்வே கார்ட் போல முழங்கினார்.

முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த நாகலெட்சுமிக்கு மலை முழுக்கக் கீழே விரிந்தது. ஜீப் ஏற ஏறத் தங்கள் லயம் சின்னதாகிக்கொண்டே போனது. நாலாவது காம்பராவின் தகரத்தில் வெயில் பட்டது. அவர் அழுதார். துக்கத்தில் அல்ல, துக்கம் கொஞ்சமும் இல்லாமல் இருந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"முன்னால பாத்துப் போயிருந்தா இதப் பாத்துருக்க மாட்டேன் சுதா," என்றார். "அந்த மாதிரிக் கூட்டுக்குள்ளயா அம்பத்தெட்டு வருசம் இருந்தேன்."

ஜீப் பின்பக்கமாகவே போய் வாசலில் நின்றது. நாகலெட்சுமி கால் வைத்து இறங்கி, எட்டே எட்டு அடி நடந்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

கந்தப்பன் அடுப்பில் விறகு அடுக்கித் தயாராக இருந்தார். வண்டி எப்படி வந்தது என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. பதினொன்று எட்டுக்குப் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. லெட்சுமியின் பிள்ளை கை தட்டியது. நாகலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தம்ளரை மாரியம்மனுக்கு வைத்துவிட்டு, இரண்டாவதை மகளுக்குக் கொடுத்தார். ராத்திரி இங்கேதான் படுப்பேன், பாயைக் கொண்டு வாங்க என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

சாப்பாடு நடந்தது. பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கியவர் யார் என்று சொல்ல மாட்டேன், அம்மிக்கல்லைத் தூக்க முடியாதவர்தான். சிரிப்பும் சத்தமுமாக வீடு நிறைந்திருந்தது. சுதர்ஷினிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இன்று வெயில். நாளை மழையிலும் பனி மூட்டத்திலும் அம்மாவை வைத்துக்கொண்டு நூறு யார் பின்பக்கமாக ஓட்ட முடியுமா? பழைய டயரைத் திரும்பப் போட்டால் கல் இடிக்கும். பெரிய டயரில் முடக்குத் திரும்பாது. கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள். அதற்குள் ஒரு வழி கிடைக்காவிட்டால், தானே அம்மாவை மறுபடி அந்தக் காம்பராவில் கொண்டுபோய் விட வேண்டி வரும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று மணிக்குப் பாயும் மிச்சச் சாமானும் எடுக்கக் கிளம்பினாள். அப்பாவை அப்போதுதான் தேடினாள். சாப்பிட்டதும் காணாமல் போயிருந்தார்.

ஆறாம் முடக்கில் இருந்தார்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேல் வீட்டில் இரவல் வாங்கிய மண்வெட்டியால் மண் கரையின் மூக்கைச் சீவிக்கொண்டிருந்தார். இரண்டடிக்கு மேல் சீவியாகிவிட்டது. ரோட்டோரத்தில் மூன்று தேயிலைச் செடிகள் வேரோடு கிடந்தன.

சுதர்ஷினி ஜீப்பை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோட்டத்துக் கம்பனியின் செடியைப் பிடுங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் ஒரு கொப்பை ஒடித்ததற்காக இதே அப்பாவிடம் அடி வாங்கியவள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கவ்வாத்துக்குப் போன மனிதர். ஒரு செடி பட்டுப் போனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்.

இறங்கிப் போய், "அப்பா, என்னா இது," என்றாள்.

கந்தப்பன் நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக, நடுவில் யாரையும் வைக்காமல், மகளின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"டயரக் கழட்டாத. டயர் நல்லாத்தான் இருக்கு. முடக்குத்தான் பத்தல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் டயர் போட்டது தப்புதான், மன்னிச்சிருங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீழே ஐந்தாம் முடக்குப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பின்னேரம் மலை பார்க்க வரும் கண்டாக்கையாவின் வண்டி; ஒரு செடி குறைந்தாலும் துரைக்கு எழுதிக் கொடுக்கும் மேற்பார்வைக்காரர் அவர்.

"செடிகள உள்ள தள்ளிருவோம்பா," என்றாள் பதறிப்போய்.

"எதுக்கு? அவருக்கு நட்டதும் தெரியும், புடுங்குனதும் தெரியும். நான் பதில் சொல்லிக்கிறேன்." மண்வெட்டியைக் கரையில் சாய்த்து வைத்தார். "நீ ஒதுக்கத்துக்குள்ள விட்டு, பின்னுக்கே அஞ்சாம் முடக்கு வரைக்கும் எறங்கிட்டு மேல வா. உரசுதான்னு பாக்கணும்."

அவள் தயங்கினாள். போ என்று கையைக் காட்டினார்.

சுதர்ஷினி அப்படியே பின்பக்கமாக இறங்கும்போது கண்டாக்கையா எதிரே வந்து, ஒதுங்கி வழி விட்டு, மேலே போனார். அவள் ஐந்தாம் முடக்கு வரை போய் மறுபடி ஏறி வந்தாள். ஆறாவதில், அப்பா சீவிய இடத்துக்குள் முன் சக்கரத்தை அகலமாக விட்டு, ஸ்டேரிங்கை ஒடித்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லை. ஜீப் ஒரே மூச்சில் திரும்பி, வீட்டைப் பார்த்து நின்றது.

கண்ணாடியில் பார்த்தாள். கண்டாக்கையா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வேரோடு கிடந்த மூன்று செடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். கந்தப்பன் கை மண்ணைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, அவரிடம் நடந்து போனார்.